ஸ்பிரிங்கை மட்டும் மாற்றாதீர்கள்

திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் மூட்டை ஏற்றும் வண்டிகளுக்கு நடுவே தாழ்த்திய கார் ஒன்று ஊர்ந்து வந்தால், கண் அங்கேதான் போகும். அழகுதான். ஆனால் குட்டை ஸ்பிரிங்கை மாட்டிவிட்டு, கம்பெனி ஷாக் அப்சார்பரை அப்படியே விடுவது ஆபத்து. ஸ்பிரிங் அதிர்வை வாங்கிக்கொள்ளும். அதன் துள்ளலை அடக்குவது ஷாக் அப்சார்பர்தான். தாழ்த்தும் ஸ்பிரிங் குட்டை மட்டுமல்ல, கெட்டியும்கூட; அது திருப்பி உதைக்கும் வேகத்தைப் பழைய ஷாக் அப்சார்பரால் சரியாக அடக்க முடியாது. 40 மில்லிமீட்டர் தாழ்த்தினால், ஷாக் அப்சார்பரின் பிஸ்டன் இறங்கும் தூரத்தில் ஏறக்குறைய அவ்வளவும் போய்விடும். நாலு பேர் ஏறிப் பள்ளத்தில் விழுந்தால் பம்ப் ஸ்டாப் என்னும் தடுப்பில் இடிக்கும். நாளடைவில் ஆயில் கசியும். மேடுபள்ளத்தில் டயரின் பிடிமானம் குறையும். இந்திய சாலைக் காங்கிரஸ் பரிந்துரைக்கும் வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். நம் தெருக்களில் உள்ள வேகத்தடைகள் பலவும் அதைவிடக் குறுகலானவை, செங்குத்தானவை. அடிப்பாகம் உரசத்தான் செய்யும். தயாரிப்பாளர் தந்த விவரத்தை மீறும் மாற்றத்தை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கணக்குப் போட்டு வைத்த உயரத்தில் கை வைக்காதீர்கள் தம்பிகளே. பிரேக் மிதிக்கும் நொடியில் உங்களையும் எதிரே வருபவரையும் காப்பது அந்தக் கணக்குதான்.