ஸ்டிக்கர் ஒட்டினால் "நோ பார்க்கிங்" கிடையாதா?

அவசர வேலைக்காரர்களின் சொந்த வண்டிகளால் அவதி: பொதுமக்கள் குமுறல்!

சென்னை:

சாயங்காலம் 6 மணி. நகரின் நடுவே ஒரு கடைவீதி. ஆபீஸ் விட்டு வருகிற கூட்டம் ஒரு பக்கம், காய்கறி, பூ, துணிமணி வாங்க வந்த கூட்டம் இன்னொரு பக்கம். நடுவில் ஒரு மாநகர பஸ் நகர முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கிறது.

அப்போது போக்குவரத்து போலீசாரின் இழுவை வண்டி வருகிறது. "நோ பார்க்கிங்" பலகைக்குக் கீழே நின்ற ஸ்கூட்டர் ஒன்றைத் தூக்கி ஏற்றுகிறார்கள். அடுத்து ஒரு மொபெட் ஏறுகிறது. மருந்துக் கடையில் இருந்து ஒருவர் மாத்திரைப் பொட்டலத்தோடு ஓடி வருகிறார். "சார், ரெண்டே நிமிஷம் சார்" என்று கெஞ்சுகிறார். பலன் இல்லை.

அந்த ஸ்கூட்டருக்குப் பக்கத்திலேயே சிவப்பும் நீலமும் தீட்டி "போலீஸ்" என்று எழுதிய மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அதை யாரும் தொடவில்லை. அதற்கு அடுத்து, கண்ணாடியில் டாக்டர் சின்னம் ஒட்டிய கார் பிளாட்பாரத்தில் பாதி, ரோட்டில் பாதியாக நிற்கிறது. அதையும் யாரும் தொடவில்லை.

இது எந்தத் தெரு என்று கேட்க வேண்டாம். கடைவீதி உள்ள எந்தப் பேட்டைக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

"அவங்களுக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டமா?"

கடைக்காரர்கள், குமாஸ்தாக்கள், பஸ்சுக்குக் காத்து நிற்பவர்கள் எல்லோரும் கேட்பது இந்த ஒரே கேள்வியைத்தான்.

கோபம் எதன் மேல்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆம்புலன்ஸ் மேலேயோ தீயணைப்பு வண்டி மேலேயோ யாருக்கும் கோபம் இல்லை. சைரன் சத்தம் கேட்டால் ஆட்டோக்காரர் முதல் லாரி டிரைவர் வரை ஒதுங்கி வழி விடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2008-ம் ஆண்டு 108 ஆம்புலன்ஸ் வந்த பிறகு, அந்த எண்ணைக் கூப்பிட்ட குடும்பங்கள் ஏராளம்.

கோபம் எல்லாம் சொந்த வண்டிகள் மேல்தான். வேலை முடிந்து காய்கறி வாங்கப் போகும்போதும், சினிமாவுக்குப் போகும்போதும் அதே ஸ்டிக்கர் வண்டியில்தான் இருக்கிறது. வண்டியை ஓட்டி வந்தது போலீஸ்காரரா, அவருடைய மச்சானா என்பது யாருக்குத் தெரியும்? டாக்டர் சின்னம் ஒட்டிய காரில் டாக்டர்தான் வந்தார் என்று யார் பார்த்தது?

அவசர வேலைக்காகக் கொடுத்த மரியாதை, வேலை இல்லாத நேரத்திலும் வண்டியோடு ஒட்டிக்கொண்டு திரிகிறது. சிக்கலே இங்கேதான்.

2024-ல் வந்த உத்தரவு

இந்தக் குமுறல் போலீஸ் மேலிடத்தின் காதுக்கும் எட்டாமல் இல்லை. 2024-ம் ஆண்டு ஏப்ரல் கடைசியில் சென்னை போக்குவரத்து போலீசார் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்கள். தனியார் வண்டிகளில் போலீஸ், பத்திரிகை, தலைமைச் செயலகம், மின்வாரியம், மாநகராட்சி, ராணுவம் என்று ஸ்டிக்கர் ஒட்டுவதும், நம்பர் பிளேட்டில் துறை சின்னங்களைப் போடுவதும் கூடாது, எடுத்துவிடுங்கள் என்றார்கள். மே 2-ந்தேதி முதல் நடவடிக்கை என்று கெடுவும் வைத்தார்கள்.

அதற்கு அவர்கள் சொன்ன காரணம் கவனிக்க வேண்டியது. இந்த ஸ்டிக்கர்களைச் சமூக விரோதிகளும் ஒட்டிக்கொண்டு போலீஸ் சோதனையில் தப்பிக்கப் பார்க்கிறார்கள் என்றார்கள். அதாவது, ஸ்டிக்கரைப் பார்த்தால் சோதனை போடுகிற கை தயங்குகிறது என்பதை போலீஸ் துறையே ஒப்புக்கொண்ட மாதிரிதான்.

கெடு முடிந்ததும் ரோட்டில் வண்டிகளை மடக்கினார்கள். பலர் தாங்களாகவே ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தார்கள். டாக்டர்கள் தரப்பில் எதிர்ப்பு கிளம்பியது. "நள்ளிரவில் பிரசவ கேசுக்கு ஓடுகிறோம். வழியில் மடக்கினால் உயிருக்கு யார் பொறுப்பு?" என்பது அவர்கள் வாதம்.

வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நள்ளிரவில் ஓடுவதற்குத் தேவைப்படுகிற சின்னம், பட்டப்பகலில் ஜவுளிக் கடை வாசலை அடைத்துக்கொண்டு நிற்பதற்கும் உதவுகிறதே! மக்கள் கேட்பது அதைத்தான்.

பஸ் டிக்கெட் விவகாரம்

அதே மே மாதத்தில் இன்னொரு விவகாரமும் பெரிதாக வெடித்தது. நாங்குநேரியில் சீருடையில் அரசு பஸ் ஏறிய போலீஸ்காரர் ஒருவர், டிக்கெட் எடுக்க மாட்டேன் என்று கண்டக்டரிடம் தகராறு செய்தார். அந்த வீடியோ ஊர் முழுக்கச் சுற்றியது. வாரண்ட் இல்லாமல் வந்தால் போலீசாரும் டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும் என்று போக்குவரத்துத் துறை அறிவித்தது.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. பல ஊர்களில் அரசு பஸ்களை போலீசார் மடக்கி, நோ பார்க்கிங்கில் நிறுத்தினாய், சீட் பெல்ட் போடவில்லை என்று அபராதம் விதித்தார்கள். கடைசியில் அதிகாரிகள் தலையிட்டு சமாதானம் பேச, போலீஸ்காரரும் கண்டக்டரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள்.

பஸ் பயணிகளுக்கு இதில் ஒரு பாடம் கிடைத்தது. நோ பார்க்கிங் சட்டம் எப்போதும் இருக்கிறது. அதை யார் மேல், எப்போது போடுவது என்பது மட்டும் ஆளைப் பொறுத்து மாறுகிறது!

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டப் புத்தகத்தைப் புரட்டினால், ஸ்டிக்கர்காரர்களுக்கு எந்தச் சலுகையும் இல்லை.

பிளாட்பாரம், பஸ் ஸ்டாப், பள்ளிக்கூட வாசல், ஆஸ்பத்திரி வாசல் ஆகிய இடங்களில் யாரும் வண்டி நிறுத்தக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-வது பிரிவுப்படி பொதுவான விதிமீறலுக்கு முதல் தடவை ரூ.500 வரையும், மறுபடி மாட்டினால் ரூ.1,500 வரையும் அபராதம். டாக்டர் என்றோ, தீயணைப்பு வீரர் என்றோ, ஏட்டு என்றோ அதில் தள்ளுபடி எதுவும் எழுதவில்லை.

தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், போலீஸ் வண்டி ஆகியவற்றுக்கு விதி தளர்வு உண்டு. அதுவும் உண்மையான அவசரத்துக்குப் போகும்போது மட்டும்தான். டீ குடிக்கப் போகும்போது கிடையாது.

2019-ம் ஆண்டு நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தைத் திருத்தியபோது இரண்டு புதுப் பிரிவுகளைச் சேர்த்தது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஒன்று, 194-இ. ஆம்புலன்சுக்கோ தீயணைப்பு வண்டிக்கோ வழி விடாவிட்டால் ரூ.10,000 அபராதம், 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும்.

இன்னொன்று, 210-பி. இந்தச் சட்டத்தை அமல்படுத்த வேண்டிய அதிகாரியே குற்றம் செய்தால், அவருக்கு அபராதம் இரண்டு மடங்கு!

ஆமாம், இரண்டு மடங்கு. நமக்கு 500 என்றால், வண்டி பிடிக்கிற அதிகாரிக்கு 1,000. சலுகை தராதது மட்டும் அல்ல, கூடுதல் தண்டனையும் வைத்திருக்கிறது சட்டம். காவல் காக்கிறவர் தவறு செய்தால் அது பெரிய தவறு என்கிற எண்ணம்தான் காரணம். ஆனால் கடைவீதியில் நிற்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். இப்படி ஒரு பிரிவு இருப்பதே பலருக்குத் தெரியாது.

சிவப்பு விளக்கு போன கதை

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு பழைய சேதி.

ஒரு காலத்தில் கார் தலையில் சிவப்பு விளக்கு சுழன்றால் ரோடே ஒதுங்கும். மந்திரி, கலெக்டர் என்று ஆரம்பித்து, யார் யாரோ மாட்டிக்கொண்டார்கள். 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு இதைக் கண்டித்துத் தீர்ப்பு சொன்னது. 2017 ஏப்ரல் 19-ந்தேதி மத்திய மந்திரிசபை முடிவு எடுத்தது. மே 1-ந்தேதி முதல் சுழல் விளக்கு அவசர வண்டிகளுக்கு மட்டும் என்று ஆனது. மந்திரிகளே தங்கள் கார் விளக்கைத் தாங்களே கழற்றிப் போட்டோவுக்கு நின்றார்கள்.

பெரிய ஆட்களின் விளக்கையே கழற்ற முடிந்தது. ஐந்து ரூபாய், பத்து ரூபாய் ஸ்டிக்கரை எடுக்க முடியாதா?

நியூயார்க்கிலும் இதே கதை

இந்த நோய் நம் ஊரில் மட்டும் இல்லை. அமெரிக்காவின் நியூயார்க் நகரில் ஸ்டிக்கருக்குப் பதில் அட்டை. போலீஸ், தீயணைப்பு, ஆசிரியர் என்று பல துறையினருக்கு மாநகராட்சியே பார்க்கிங் அட்டை கொடுக்கிறது. அதைக் கார் கண்ணாடிக்குள் வைத்துவிட்டு பிளாட்பாரம், பஸ் பாதை, தீயணைப்புக் குழாய் முன்பு என்று நிறுத்திவிட்டுப் போகிறார்கள். போலி அட்டைகளும் புழங்குகின்றன.

2024 மார்ச்சில் அந்நாட்டு மத்திய அரசு வக்கீல் மாநகராட்சிக்கு ஒரு கடிதம் எழுதினார். நகரில் அப்போது இருந்த 77 போலீஸ் ஸ்டேஷன் வட்டாரங்களில் 70-ல் பிளாட்பாரத்தில் வண்டி நிற்பதாக ஓர் ஆய்வைச் சுட்டிக்காட்டினார். சக்கர நாற்காலியில் போகிறவர்கள் ரோட்டில் இறங்க வேண்டி இருக்கிறது, இது ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்துக்கு விரோதம் என்று எச்சரித்தார்.

அங்கே அனுமதி அட்டை கொடுத்தே பார்த்தார்கள். குறையவில்லை. அட்டையைக் கொடுத்தவர்களும் போலீசார், வைத்திருப்பவர்களும் போலீசார், பிடிக்க வேண்டியவர்களும் போலீசார் என்றால் எப்படிக் குறையும்?

கஷ்டப்படுவது யார்?

நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் வழி இருக்க வேண்டும் என்பது இந்திய சாலை காங்கிரசின் அளவு. ஒரு சாதாரண கார் ஏறத்தாழ 1.7 மீட்டர் அகலம். ஒரே ஒரு கார் ஏறி நின்றால் போதும், பிளாட்பாரமே காலி!

குழந்தையைக் கையில் பிடித்த தாய், கம்பு ஊன்றி நடக்கும் பெரியவர், கண் தெரியாதவர் எல்லோரும் ரோட்டில் இறங்கித்தான் போக வேண்டும். பின்னால் பஸ் வருகிறது. காலில் பலம் உள்ளவன் ஓடிவிடுவான். மற்றவர்கள் கதி?

இன்னொரு கொடுமையும் உண்டு. ஆஸ்பத்திரி வாசலில் டாக்டரின் கார் நின்றால், உள்ளே போக முடியாமல் தவிப்பது ஆம்புலன்ஸ். சந்து முனையில் தீயணைப்பு வீரரின் வண்டி நின்றால், திரும்ப முடியாமல் நிற்பது தீயணைப்பு வண்டி. அவசரத்தின் பேரால் நிறுத்திய வண்டி அவசரத்துக்கே குறுக்கே நிற்கிறது.

அவர்கள் பக்கத்து நியாயம்

இவ்வளவு சொன்ன பிறகு, அடுத்த பக்கத்தையும் சொல்லாவிட்டால் பாவம்.

பழைய போலீஸ் ஸ்டேஷன்கள் பல, போலீஸ்காரர்கள் சைக்கிளில் வந்த காலத்தில் கட்டியவை. இன்று ஏட்டு முதல் இன்ஸ்பெக்டர் வரை மோட்டார் சைக்கிள், கார். உள்ளே பிடிபட்ட வண்டிகள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. ராத்திரி பந்தோபஸ்து முடிந்து விடியற்காலையில் வீட்டுக்குப் போகிறவர் வண்டியை எங்கே விடுவார்? அரசு ஆஸ்பத்திரியிலும் இதே இட நெருக்கடிதான். டாக்டர், நர்ஸ், நோயாளி, நோயாளியைப் பார்க்க வருகிறவர் எல்லோருக்கும் ஒரே வளாகம்.

ஆகவே, "அபராதம் போடு" என்று கத்தினால் மட்டும் தீராது. இடம் இல்லாத ஆளிடம் சட்டம் பேசினால் அவர் ஸ்டிக்கரைத்தான் காட்டுவார்.

என்ன செய்யலாம்?

ஒன்று: பிடிபட்ட பழைய வண்டிகளைச் சட்டப்படி சீக்கிரம் ஏலம் விட்டால், பல ஸ்டேஷன்களில் வேலை செய்கிறவர்கள் வண்டி விட இடம் கிடைக்கும்.

இரண்டு: ஆஸ்பத்திரிகளில் டியூட்டி டாக்டர், நர்சுகளுக்கு என்று கோடு போட்டு இடம் ஒதுக்க வேண்டும். வாசலை மட்டும் யாருக்கும் விடக் கூடாது.

மூன்று: உண்மையில் அனுமதிச் சீட்டு தேவைப்படுகிறவருக்குக் கொடுங்கள். அதில் வண்டி நம்பர், இடம், டியூட்டி நேரம் மூன்றும் இருக்கட்டும். நேரம் முடிந்தால் அது வெறும் காகிதம்.

நான்கு: இழுவை வண்டி வந்தால் வரிசையில் முதல் வண்டியில் இருந்து கடைசி வண்டி வரை எடுக்க வேண்டும். நடுவில் தாண்டிப் போகக் கூடாது.

ஐந்து: 210-பி பிரிவில் எத்தனை பேருக்கு இரட்டை அபராதம் போட்டார்கள் என்ற கணக்கை மாதா மாதம் வெளியிட வேண்டும். ஹெல்மெட் கேஸ் எத்தனை, குடிபோதை கேஸ் எத்தனை என்று சொல்கிறார்கள் அல்லவா? அதோடு இதையும் ஒரு வரி சேர்த்தால் போதும்.

இதில் கடைசிக் காரியத்துக்குப் புதுச் சட்டமோ, கட்டிடமோ, பணமோ தேவை இல்லை. நாளைக் காலையிலேயே ஆரம்பிக்கலாம்.

அந்த மருந்துக் கடைக்காரரின் வாடிக்கையாளர் ரூ.500 கட்டியதில் தப்பு இல்லை. அவர் நிறுத்தியது நோ பார்க்கிங்தான். பக்கத்து மோட்டார் சைக்கிளுக்கும் ஒரு ரசீது கிழித்திருந்தால், அவர் முணுமுணுக்காமல் கட்டிவிட்டுப் போயிருப்பார்.