கைபேசியில் சதுரங்கப் பாடம்: பார்த்தால் மட்டும் போதுமா?

பதினெட்டு வயது குகேஷ், 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரெனை 7.5–6.5 என்ற புள்ளிக் கணக்கில் வென்று உலகச் சாம்பியன் ஆனார். அதன் பிறகு நம் கோலார் தங்கவயல் வட்டாரத்திலும் பிள்ளைகளைச் சதுரங்கத்தில் பழக்க வேண்டும் என்ற ஆவல் பெற்றோரிடையே கூடியிருக்கக் காண்கிறேன். மகிழ்ச்சிதான். ஆனால் "பிள்ளை யாரிடம் கற்கிறான்?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: "அதான் எல்லாம் யூடியூப்லயே வருதே சார்!"

இந்தப் பதில் பாதி உண்மை. மீதிப் பாதியைப் பற்றி அன்பர்களிடம் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் உண்மையான பாதி. விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாக இருந்தபோது, சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் இயங்கிய டால் சதுரங்கக் கழகத்தில் விளையாடிப் பழகினார். அந்த வாய்ப்பு சென்னைப் பிள்ளைக்கு இருந்தது. ஆண்டர்சன்பேட்டை லயன் வீட்டுப் பிள்ளைக்கு இல்லை. இன்று உலகத் தரமான ஆட்டங்களும், கிராண்ட்மாஸ்டர்களின் விளக்கங்களும் அந்த லயன் வீட்டுக்கே இலவசமாக வருகின்றன. இதைக் குறைத்துப் பேசுவது நியாயமாகாது.

தொலைவிலிருந்து கற்பிக்க முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. கொரோனா காலத்தில், 2020 டிசம்பரில், ஆனந்த் வெஸ்ட்பிரிட்ஜ் நிறுவனத்துடன் சேர்ந்து ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் தேர்வானவர்கள் ஐந்து பேர்: பிரக்ஞானந்தா, வைஷாலி, குகேஷ், நிஹால் சரின், ரௌனக் சாத்வானி. போரிஸ் கெல்ஃபாண்ட், ஆர்தர் யூசுபோவ் போன்ற மேதைகள் இணையம் வழியே பயிற்சி தந்தார்கள். அவர்களில் பிரக்ஞானந்தா 2023இல் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை சென்றார். குகேஷைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அந்த ஐவரும் ஏற்கெனவே தேர்ந்த ஆட்டக்காரர்கள். அது இருவழிப் பேச்சு. ஆசான் கேட்பார், மாணவர் பதில் சொல்வார். நம் பிள்ளைகள் பார்ப்பதோ ஒருவழி ஒளிபரப்பு. குழந்தைக்குப் புரிந்ததா, இல்லையா என்று அந்தத் திரைக்குத் தெரியாது.

ஒருவழி ஒளிபரப்பிலிருந்து பயனே கிடையாதா? உண்டு. அதற்கும் ஆனந்தின் வாழ்க்கையிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. 1970களின் இறுதியில், ரயில்வே அதிகாரியான அவருடைய தந்தை பணி நிமித்தம் பிலிப்பைன்ஸ் சென்றபோது குடும்பமும் மணிலாவில் தங்கியிருந்தது. அங்கே தொலைக்காட்சியில் பகல் நேரத்தில் சதுரங்க நிகழ்ச்சி ஒன்று வரும். மகன் பள்ளியில் இருப்பான். தாயார் சுசீலா அம்மையார் அதைப் பார்த்து, ஆட்டங்களையும் புதிரையும் தாளில் எழுதி வைப்பார். மாலையில் இருவரும் உட்கார்ந்து விடை கண்டு அனுப்புவார்கள். பரிசு ஒரு புத்தகம். தொடர்ந்து ஆனந்தே வென்றுகொண்டிருக்க, கடைசியில் நிகழ்ச்சியினர் வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொள்ளச் சொல்லி, இனி விடை அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்களாம்! ஒளிபரப்பு அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் பொதுவாக வந்ததுதான். அதை எழுதி வைத்து, கூட உட்கார்ந்து கேள்வி கேட்க ஆனந்துக்கு ஒருவர் இருந்தார்.

ரயில்வேயில் மின்பிரிவில் காலம் கழித்தவன் என்பதால் எனக்குத் தோன்றும் உவமையைச் சொல்கிறேன். 1902இல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து எடுத்த மின்சாரம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியே நம் தங்கவயலுக்கு வந்தது. பெங்களூருக்கே அதற்குப் பிறகுதான் மின்விளக்கு. அவ்வளவு தூரம் வந்த உயர் அழுத்த மின்சாரத்தை அப்படியே விளக்கில் கொடுத்தால் விளக்கு எரியாது, வெடிக்கும். நடுவே டிரான்ஸ்பார்மர் வைத்து அழுத்தத்தைக் குறைத்தே கொடுக்க வேண்டும். கிராண்ட்மாஸ்டரின் விளக்கமும் அப்படித்தான். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஏற்றபடி அதை இறக்கிக் கொடுக்க உள்ளூரில் ஒருவர் வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஒளிபரப்பில் பலகைக்குப் பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பட்டை ஏறி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். யார் கை ஓங்கியிருக்கிறது என்று கணினி போடும் மதிப்பெண் அது. பிள்ளைகள் பலகையை விட்டுவிட்டு அந்தப் பட்டையைப் பார்க்கிறார்கள். பட்டை இறங்கியதும் "தப்பான மூவ்" என்று தீர்ப்பும் சொல்கிறார்கள். ஏன் தப்பு என்று கேட்டால் விழிக்கிறார்கள். குகேஷின் ஆசான் விஷ்ணு பிரசன்னா, அவர் கிராண்ட்மாஸ்டர் ஆகும் வரை கணினியின் துணை இல்லாமலே பயிற்சி அளித்தார் என்பதைப் பெற்றோர் நினைவில் கொள்ள வேண்டும். திரையில் அந்தப் பட்டையின் மேல் ஒரு காகிதத் துண்டை ஒட்டுங்கள். செலவில்லாத சீர்திருத்தம் இது.

மேலும், போட்டி என்று போனால் அங்கே மரப்பலகை, கடிகாரம், பேனா. தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். ஒவ்வொரு நகர்த்தலையும் தாளில் எழுத வேண்டும். திரையில் மட்டும் ஆடிய பிள்ளை இங்கே தடுமாறும். இணையமும் எப்போதும் கைகொடுக்கும் என்று சொல்வதற்கில்லை. 2020 இணையவழி ஒலிம்பியாட் இறுதிச் சுற்றிலேயே நம் ஆட்டக்காரர்களுக்குத் தொடர்பு அறுந்து, இந்தியாவும் ரஷ்யாவும் கூட்டு வெற்றியாளர்கள் என்று அறிவிக்கப்பட்டன.

இப்போது நம் ஊரின் நிலைமைக்கு வருவோம். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அன்று முதல் மாரிகுப்பம், சாம்பியன், உரிகம் நிலையங்களில் விடியற்காலையில் ரயிலேறிப் பெங்களூர் சென்று, இரவில் வீடு திரும்பும் தாய் தந்தையர் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சுசீலா அம்மையாரைப் போல மாலையில் உட்கார அவர்களுக்கு நேரம் ஏது? பெங்களூரில் பயிற்சிக் கட்டணம் கட்டி, வாரந்தோறும் அழைத்துப்போக வசதி ஏது? பெண் பிள்ளை என்றால் இன்னும் கடினம். ஆகவே பிள்ளையின் கையில் கைபேசி மட்டும் மிஞ்சுகிறது. பத்து நிமிடம் சதுரங்கம், பிறகு வேறு எதுவோ.

இந்த இடத்தில்தான் நம் சங்கம் செய்யக்கூடிய வேலை இருக்கிறது. வாரம் இரண்டு மாலை, ஓர் அறை, ஒரு டி.வி., பத்துப் பலகை, இரண்டு கடிகாரம் போதும். ஒரு நல்ல ஆட்டத்தைத் திரையில் ஓடவிட்டு, முக்கியமான கட்டத்தில் நிறுத்த வேண்டும். பிள்ளைகள் தாங்கள் என்ன நகர்த்துவோம், ஏன் என்று நோட்டில் எழுத வேண்டும். பிறகுதான் திரை ஓட வேண்டும். அரை மணி நேரம் இப்படி. மீதி ஒரு மணி நேரம் ஒருவரோடு ஒருவர் பலகையில் ஆட்டம். விளக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால் தமிழில் எடுத்துச் சொல்லவும் ஆள் வேண்டும்.

"கற்றுக்கொடுக்கப் பெரிய ஆட்டக்காரர் நம்மிடம் இல்லையே" என்பார்கள். பாடத்தைப் பெரியவர்கள் திரையில் நடத்துகிறார்கள். நமக்கு வேண்டியது நிறுத்தி, கேள்வி கேட்கும் பொறுமை. பி.ஜி.எம்.எல்., பெமல், ரயில்வே ஓய்வூதியர்கள் இத்தனை பேர் இருக்கும் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

"செஸ் சோறு போடுமா?" என்றும் கேட்பார்கள். எல்லோருக்கும் போடாது. ஆனால் திறமை உள்ளவருக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை உண்டு. ரயில்வேக்கே சதுரங்க அணி இருக்கிறது. மற்றப் பிள்ளைகளுக்கும், கை வைப்பதற்கு முன் யோசிக்கும் பழக்கம் மிஞ்சும். அது எந்தத் தொழிலிலும் வீண்போகாது.

செயற்குழு இதை அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். நான் பெரிய ஆட்டக்காரன் அல்லன். விதிகளும் குறிப்பெழுதும் முறையும் தெரியும். வாரத்தில் ஒரு மாலையை நான் ஏற்கிறேன். இன்னொரு மாலைக்கு ஓர் அன்பர் முன்வந்தால் பலகைகளை வாங்கிவிடலாம்.