வண்டிக்கு முன் பட்டியல்

2020 மே 1 அதிகாலையில், ஹைதராபாத்தின் கச்சிபௌலியை அடுத்த லிங்கம்பள்ளி ரயில் நிலையத்திலிருந்து ஜார்க்கண்டின் ஹட்டியாவுக்கு ஒரு ரயில் கிளம்பியது. ஊரடங்கில் சிக்கிய வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காக நாட்டில் ஓடிய முதல் சிறப்பு ரயில் அது. ஏறத்தாழ 1,200 பேர் அதில் ஊர் திரும்பினார்கள். தெலங்கானா அரசு அதற்குச் சில வாரங்கள் முன்பே, வெளிமாநிலத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் 12 கிலோ அரிசியும் 500 ரூபாயும் அறிவித்திருந்தது. தொண்டு அமைப்புகளும் மளிகைப் பைகளோடு தெருத்தெருவாக அலைந்தன.

அரிசி இருந்தது, பணம் இருந்தது, கொண்டு சேர்க்க ஆட்களும் இருந்தார்கள். யார் எங்கே எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள் என்ற முழுமையான பட்டியல் மட்டும் எவரிடமும் இல்லை. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான தேசியத் தரவுத்தளத்தை உருவாக்குவதில் மத்திய தொழிலாளர் அமைச்சகம் காட்டிய தாமதத்தை, 2021 ஜூன் 29 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் மன்னிக்க முடியாதது என்று கண்டித்தது. வீடு தேடி உணவுப் பொருள் கொடுக்கும் நம் பணியின் வெற்றி தோல்வியை முதலில் தீர்மானிப்பது பட்டியல். வண்டி அதற்கு அடுத்ததுதான். இந்தக் கருத்தை இவ்விதழின் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

இரண்டு தென் மாநிலங்களின் அனுபவம் நம் கண்முன் இருக்கிறது. ஆந்திரப் பிரதேசம் 2021 ஜனவரியில் 9,260 வண்டிகளை வாங்கி, ரேஷன் பொருளை எல்லாக் கார்டுதாரர்களின் தெருவுக்கும் அனுப்பத் தொடங்கியது. 2025 ஜூன் 1 முதல் புதிய அரசு அந்த வண்டிகளை நிறுத்திவிட்டு மீண்டும் ரேஷன் கடைக்கே திரும்பியது. ஆனால் 65 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதை மட்டும் வைத்துக்கொண்டது. அரசியல் காரணங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் இதில் நமக்குப் பாடம் உண்டு. நடந்து போய் வாங்கக் கூடியவருக்குத் தெருமுனை வண்டி ஒரு வசதி. பகலில் கூலி வேலைக்குப் போகிறவருக்கோ அதுவே இடைஞ்சலாகலாம். கடை என்றால் நாளை போகலாம். வண்டி வரும் நேரத்தில் ஆள் இல்லையென்றால் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாது.

தமிழ்நாடு வேறு வழியில் போனது. 2025 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கிய தாயுமானவர் திட்டம், 70 வயதைக் கடந்தவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் மட்டும் தேர்ந்தெடுத்தது. தொடக்கத்தில் ஏறத்தாழ 21.7 லட்சம் பேர், 34,809 ரேஷன் கடைகள், மாதத்தின் இரண்டாவது சனி ஞாயிறு என்று எல்லாமே முன்கூட்டி வரையறுக்கப்பட்டிருந்தது. மின்னணுத் தராசும் கைரேகைக் கருவியும் வண்டியிலேயே வந்தன. கடைக்கு வர முடியாதவர் யார் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகு வண்டியைக் கிளப்பிய முறை இது. நாம் பின்பற்ற வேண்டியதும் இதைத்தான். ஒரே ஒரு எச்சரிக்கை: இது ரேஷன் கார்டு உள்ளவரின் பட்டியல். கார்டே இல்லாதவர் இதற்குள் வரமாட்டார்.

கச்சிபௌலியில் கேள்வி இங்கேதான் கடினமாகிறது. ஃபைனான்ஷியல் டிஸ்ட்ரிக்ட் பகுதியிலும் நானக்ராம்கூடாவிலும் எழும் அடுக்குமாடிகளைக் கட்டுகிறவர்கள் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், சத்தீஸ்கரிலிருந்தும் தெலங்கானாவின் பாலமூரு பகுதியிலிருந்தும் வந்தவர்கள். தகரக் கொட்டகை முகாமுக்குக் கதவு எண் கிடையாது. ஒரு கட்டடம் முடிந்ததும் முகாமே இடம் மாறிவிடும். ஜனவரியில் எடுத்த பட்டியல் ஏப்ரலில் செல்லாது. அதனால் இங்கே பட்டியலை முகவரியை வைத்து எழுதக் கூடாது. ஆளையும் கைபேசி எண்ணையும் வைத்து எழுதி, மாதம் ஒருமுறை திருத்த வேண்டும். மேஸ்திரியிடம் மொத்தமாகப் பைகளை இறக்கிவிட்டுத் திரும்புவது நமக்கு எளிது. ஆனால் அந்த அரிசி கூலிக் கணக்கில் கழிக்கப்பட்டால் நமக்குத் தெரியவே வராது. பை அவரவர் கையில், முடிந்தவரை குடும்பத்துப் பெண்ணின் கையில் சேர வேண்டும். அதற்கு ஞாயிற்றுக்கிழமையோ மாலை ஏழு மணிக்குப் பிறகோதான் போக வேண்டும்.

பைக்குள் என்ன வைக்கிறோம் என்பதும் பட்டியலோடு சேர்ந்த விஷயம். தெலங்கானாவில் 2025 உகாதி முதல் கார்டுதாரர்களுக்கு ஆளுக்கு 6 கிலோ சன்ன அரிசி கிடைக்கிறது. உள்ளூர்க்காரருக்கு அது நிறைவு. மேற்கு ஒடிசாக்காரர் புழுங்கல் அரிசியைத் தேடுவார். பீகார்க் குடும்பத்துக்கு அரிசியோடு கோதுமை மாவும் வேண்டும். சமையலுக்குக் கடுகு எண்ணெய்தான் பழக்கம். எல்லாருக்கும் துவரம் பருப்பு என்று வைத்துவிடுகிறோம். விறகடுப்பிலோ ஐந்து கிலோ சிலிண்டரிலோ சமைக்கிறவருக்குச் சீக்கிரம் வேகிற மசூர் பருப்பு எவ்வளவோ உதவி. ஒரே அறையில் ஆறேழு பேர் படுக்கும் கொட்டகையில் 25 கிலோ மூட்டைக்கு இடம் ஏது? எலிக்கும் ஈரத்துக்கும் பாதி போய்விடும். பத்து நாளுக்கு ஒருமுறை சிறிய பையாகக் கொடுத்தால் நமக்குப் பெட்ரோல் செலவு கூடும். அவர்கள் தட்டுக்கும் அரிசி கூடுதலாகவே போய்ச் சேரும்.

எவ்வளவு கவனமாகக் கட்டினாலும் நம் பை தற்காலிகமானதுதான். நிலையானது 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் தரும் ஆளுக்கு மாதம் 5 கிலோ. 2023 ஜனவரி முதல் அது இலவசம். ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டத்தை 2019 ஆகஸ்டில் சோதித்த முதல் மாநிலங்களில் தெலங்கானாவும் ஒன்று. ஆக, ஒடிசா கார்டு வைத்திருப்பவர் கச்சிபௌலி ரேஷன் கடையில் தன் பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். குடும்பத்தின் மீதிப் பங்கு ஊரில் கிடைக்கும். மாநில அரசு கூடுதலாகத் தருவது மட்டும் இதில் வராது. இந்தத் தகவல் தெரியாமலேயே நம் பைக்குக் கை நீட்டுகிறவர்கள் முகாம்களில் இருக்கிறார்கள். 14445 என்ற உதவி எண்ணை அச்சிட்ட இந்தி, ஒடியா துண்டுச்சீட்டு ஒன்றை ஒவ்வொரு பையிலும் வைக்கச் செலவு அதிகமில்லை.

கார்டே இல்லாதவர்கள் நிலைதான் மோசம். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்தில் பதிந்தவர்களில் சுமார் 8 கோடிப் பேருக்கு ரேஷன் கார்டு இல்லை என்பது தெரியவந்தபோது, மூன்று மாதத்தில் வழங்குமாறு 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்தே இன்றும் ஒதுக்கீட்டு வரம்பு நிர்ணயிக்கப்படுவதால் பலர் வெளியிலேயே நிற்கிறார்கள். நம் பை முதலில் போக வேண்டியது இவர்கள் வீட்டுக்கு. பை கொடுத்த கையோடு இவர்களுக்கு விண்ணப்பமும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருவர் கார்டு பெற்று நம் பட்டியலிலிருந்து நீங்குவதுதான் உண்மையான சாதனை. ஆண்டறிக்கையில் கொடுத்த பைகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் அந்த எண்ணிக்கையும் வர வேண்டும்.

பை வாங்குகிறவரை வாசலில் நிறுத்திப் படம் எடுக்கும் வழக்கத்தையும் கைவிடுவோம். நன்கொடையாளருக்குக் கணக்கு வேண்டுமென்றால் கையெழுத்தும் எடைச்சீட்டும் போதும்.

அடுத்த நிதியாண்டுக்கான திட்டத்தை இப்போது எழுதிக்கொண்டிருக்கும் அமைப்புகளுக்கு ஒரு வேண்டுகோள். வண்டி வாடகைக்கு ஒதுக்கும் இடத்திலேயே, இந்தியும் தெலுங்கும் பேசத் தெரிந்த இரண்டு கணக்கெடுப்பாளர்களின் முழுநேரச் சம்பளத்தையும் ஒதுக்குங்கள். நன்கொடையாளர் அதை நிர்வாகச் செலவு என்று வெட்டினால், இது உணவுச் செலவு என்று எடுத்துச் சொல்லி வாதாடுங்கள்.