பாத்துக்கறதும் பாத்துட்டே இருக்கறதும்

கொஞ்ச நாளா மண்டைக்குள்ள ஓடிட்டிருந்த விஷயம். எழுதலாமா வேணாமான்னு ஒரே யோசனை. ஏன்னா இந்தக் கதையில வில்லன் யாருன்னு தேடினா அடியேனும் அதுல ஒருத்தன். பரவாயில்லை, திட்டறவங்க திட்டிக்கோங்க.

எங்க பெரியம்மாவுக்கு 78 வயசு. ரிடையர்ட் டீச்சர். கும்பகோணத்துல பெரியப்பாவோட தாத்தா காலத்து வீட்டுல தனியா இருக்காங்க. தஞ்சாவூர்ப் பக்கத்து பழைய வீடுகளைப் பாத்தவங்களுக்குத் தெரியும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம்னு ரயில் பெட்டி மாதிரி நீளமாப் போகும். கக்கூஸ் மட்டும் கடைசியில, கொல்லையைத் தாண்டி இருக்கும். ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு நிலைப்படி வேற. படம் எடுக்க அழகான வீடு. முட்டிவலியோட ராத்திரி ரெண்டு மணிக்கு நடந்து பாத்தா தெரியும் அழகு.

போன ஐப்பசி மழையில, கொல்லைக்குப் போறப்ப பாசியில வழுக்கி விழுந்துட்டாங்க. மணிக்கட்டு உடைஞ்சுது, இடுப்பு தப்பிச்சுது. நான் சென்னையிலேர்ந்து ஓடினேன். டெட்ராய்ட்ல இருக்கற பெரியண்ணனும் பூனாவுல இருக்கற சின்னண்ணனும் போன்ல வந்தாங்க. கூடத்துல உக்காந்து ஸ்பீக்கர்ல போட்டு மாநாடு நடத்தினோம். கோயமுத்தூர் பக்கம் முதியோர் குடியிருப்பு நிறைய இருக்கு, ஒண்ணைப் பாத்துடலாம், இந்த வீட்டைப் பூட்டிடலாம்னு நாப்பது நிமிஷத்துல தீர்மானமே நிறைவேத்தியாச்சு. அப்பத்தான் பெரியம்மா இடது கையால காபி டம்ளரைத் தூக்கிட்டு வந்து, "யாருக்குடா வீடு பாக்கறீங்க?"ன்னு கேட்டாங்க.

மூணு ஆம்பளைங்களும் கப்சிப். அந்த நாப்பது நிமிஷத்துல ஒருத்தனுக்குக்கூட அவங்களைக் கேக்கணும்னு தோணலைங்க. அவங்க அடுத்த ரூம்லதான் இருந்தாங்க.

அவங்க வரமாட்டேன்னுட்டாங்க. சமரசமா கூடத்துல ஒரு கேமரா வைக்கறதுன்னு முடிவாச்சு. வாங்கினது பெரியண்ணன், ஸ்டூல் மேல ஏறி மாட்டினது நான். மூணாவது வாரம் டெட்ராய்ட்லேர்ந்து ராத்திரி போன். "டேய், அம்மாவைக் காணோம், ஸ்க்ரீன் பூரா சிவப்பா இருக்கு!" பக்கத்து வீட்டை எழுப்பிக் கேட்டா, பெரியம்மா நல்லா தூங்கிட்டிருக்காங்க. கேமரா மேல தஞ்சாவூர்த் துண்டு ஒண்ணு தொங்குது.

அந்த வாரமே பஸ் ஏறிப் போய் சண்டை போட்டேன். அவங்க பதறவே இல்லை. "ரவிக்கை கொக்கி போடக்கூட மூலை தேட வேண்டியிருக்கு. நான் விழுந்தா இது இறங்கி வந்து தூக்குமா? நான் விழுந்ததை நீங்க பாப்பீங்க, அவ்ளோதானே?"ன்னாங்க. நாப்பது வருஷம் கணக்கு வாத்தியாரா இருந்தவங்க, பதில் தப்புன்னா எந்த ஸ்டெப்ல தப்புன்னு சொல்லிடுவாங்க. நாங்க பண்ணிட்டிருந்தது அவங்களைப் பாத்துக்கறது இல்லை. சும்மா பாத்துட்டே இருந்திருக்கோம்.

சரி, விழாம இருக்க என்ன பண்ணலாம்? இதுக்கு பதில் சொன்னவர் எதிர்த்த கடை டைலர் அண்ணன். சின்ன வயசுல போலியோ வந்து ரெண்டு காலும் போனவர். வீடு, கடை எல்லாமே தனி ஆளா பாத்துக்கறவர். நான் ஒரு பிளம்பரைக் கூட்டிட்டு வந்து பாத்ரூம்ல ஸ்டீல் கம்பி அடிச்சிட்டு பெருமையா நின்னேன். அண்ணன் தவழ்ந்து வந்து அதைப் பிடிச்சு ஒரு இழு இழுத்தார். ஆணி, பிளாஸ்டிக் பிளக், கொஞ்சம் சிமெண்ட் எல்லாம் கையோட வந்துடுச்சு. "தம்பி, இது துண்டு போடற கம்பி. ஆள் தொங்கறதுக்கு இது இல்லை"ன்னார். ஆள் பிடிக்கற கைப்பிடி தனியா விக்குது, சுவத்துல ஆழமா துளை போட்டு போல்ட் வச்சு முடுக்கணும். எவ்வளவு உயரம்னு டேப் வச்சு அளக்கக்கூடாதாம். பெரியம்மாவை உக்கார வச்சு எழுந்திருக்கச் சொல்லி, அவங்க கை தன்னால எங்க போய்த் தேடுதோ அங்க சாக்பீஸ்ல கோடு போட்டார். தையக்காரர் ஆச்சே, ஆளைப் பாத்துத்தானே அளவெடுப்பார்.

அடுத்தது கதவு. பாத்ரூம் கதவு உள்பக்கமா திறக்கற மாதிரி இருந்துச்சு. உள்ள யாராவது விழுந்தா அவங்க உடம்பே கதவை அடைச்சிக்கும், வெளியிலேர்ந்து தள்ளவும் முடியாது. இது எனக்கு இத்தனை வயசுல உறைச்சதே இல்லை! கீலை மாத்தி வெளிப்பக்கம் திறக்க வச்சோம். உள்தாழ்ப்பாளுக்கு பதிலா வெளியிலேர்ந்து நாணயத்தை வச்சுத் திருப்பித் திறக்கற பூட்டு. குளிக்க உக்கார ஒரு கனமான ஸ்டூல். கட்டில் பக்கத்துலேர்ந்தே போடற மாதிரி கொல்லை விளக்குக்கு இன்னொரு ஸ்விட்ச். ரேழிக்குப் பக்கத்து உக்கிராண அறையில பாதியைத் தடுத்து வெஸ்டர்ன் டாய்லெட். பெரிய செலவு இதுதான். ராத்திரி கொல்லைக்குப் போற வேலையே இல்லைன்னு ஆச்சு.

தெருவாசல் படிக்கு சாய்தளம் மட்டும் முடியலை. ஒரு அடி உயரம் ஏற பன்னெண்டு அடி நீளம் வேணும், 1:12 கணக்கு. அவ்வளவு நீளம் போட்டா டைலர் கடைக்குள்ள போய்த்தான் முடியும் :-) படிக்கு ரெண்டு பக்கமும் கைப்பிடியோட நிறுத்திக்கிட்டோம்.

மொத்தச் செலவு, எங்க மாநாட்டுல பேசின அட்வான்ஸ் தொகையில பத்துல ஒரு பங்குகூட இல்லை. இதைச் சொல்ல எங்களுக்கு இன்ஜினியர் அகப்படலை (வீட்டுல மூணு பேர் இன்ஜினியர்ங்கறது வேற விஷயம்). கால் இல்லாம நாப்பது வருஷம் வீட்டுக்குள்ள வாழ்ந்தவருக்குத்தான் தெரிஞ்சுது.

அவர்கிட்ட ஒருநாள், "தனியா எப்படிண்ணே சமாளிக்கறீங்க?"ன்னு கேட்டேன். "யாரு தனியா? தண்ணிக்குடம் தூக்க ஒரு பையன், துணி எடுத்து வைக்க ஒரு பொண்ணு, எல்லாம் இருக்காங்க. எப்போ வரணும்னு நான் சொல்வேன், அவ்ளோதான்"ன்னார்.

இதையேதான் அமெரிக்காவுல எட் ராபர்ட்ஸ்னு ஒருத்தர் இயக்கமாவே ஆக்கினார். அவருக்கும் போலியோதான். கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய எதுவும் அசையாது, ராத்திரி இரும்பு நுரையீரலுக்குள்ள படுக்கணும். 1962ல கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோட பெர்க்லி வளாகத்துல சேந்தார். 1972ல அங்கேயே சுயசார்பு வாழ்வுக்கான மையம் உருவானதுல அவர் பங்கு பெரிசு. அவரால வேலை பாக்கவே முடியாதுன்னு ஒருகாலத்துல கைவிரிச்ச மாநில மறுவாழ்வுத் துறைக்கே 1975ல இயக்குநரா போய் உக்காந்தார்! சட்டையைத் தானே மாட்டிக்கறதுதான் சுதந்திரம்னா அவருக்கு அது ஒருநாளும் கிடைச்சிருக்காது. எந்தச் சட்டை, எப்போ, யார் மாட்டி விடணும்னு முடிவு பண்றதுதான் சுதந்திரம்னு அந்த இயக்கம் சொல்லுது.

நம்ம ஊர் சட்டத்துக்கு வருவோம். 2007ல பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்துச்சு. பிள்ளைங்க கவனிக்கலைன்னா தீர்ப்பாயத்துல முறையிடலாம். மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லமாவது, 150 பேர் தங்கற மாதிரி அமைக்கலாம்னும் இருக்கு. நல்லதுதான். ஆனா பாருங்க, ஒண்ணு பிள்ளை, இல்லைன்னா இல்லம். சொந்த வீட்டுலயே இருக்கணும்னு நினைக்கறவங்களுக்கு கைப்பிடிக்கோ உதவியாளுக்கோ அதுல வழி தேடினா கண்ணுல படலை. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016 சட்டம் இந்த விஷயத்துல தெளிவு. சமூகத்துல மத்தவங்களோட வாழற உரிமை 5ஆவது பிரிவுல இருக்கு. அதிக உதவி தேவைப்படறவங்களுக்கு பராமரிப்பாளர் படி பத்தி 24ஆவது பிரிவு பேசுது. 78 வயசுல முட்டி போனவங்களும் 5 வயசுல கால் போனவரும் ஒரே தெருவுல, ஒரே மாதிரி கைப்பிடியைப் பிடிச்சுத்தான் எழுந்திருக்காங்க. சட்டம் மட்டும் ரெண்டு வேற ஃபைல்.

கிடைக்கறதையும் சொல்லணும். 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் மூலமா பெரியம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாசலுக்கே வந்துச்சு. 2025 ஆகஸ்ட்ல தாயுமானவர் திட்டம்னு, 70 வயசு தாண்டினவங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷனை வீட்டுக்குக் கொண்டுவர ஆரம்பிச்சாங்க. வருஷாந்திர பென்ஷன் நேர்காணலுக்கு தபால்காரரே மெஷினோட வந்து 70 ரூபாயில முடிச்சுக் குடுத்தார். சுண்ணாம்புக்கட்டி பிடிச்சுத் தேஞ்சுபோன ரேகை நாலாவது தடவைதான் விழுந்துச்சு, அது வேற. இதெல்லாம் சின்ன விஷயமில்லைங்க. ஒவ்வொண்ணும் அவங்க அந்த வீட்டுல இன்னொரு மாசம் இருக்கறதுக்கான காரணம்.

இல்லாதது ஆள். கை கட்டு பிரிக்கற வரைக்கும் ஒரு ஏஜென்சி மூலமா ஆள் வச்சோம். மாசம் 18 ஆயிரம் வாங்கினாங்க. வந்த பொண்ணு கையில அதுல பாதி போச்சான்னே சந்தேகம். ஆறு வாரத்துல மூணு பேர் மாறினாங்க, ஒருத்தருக்கும் படுக்கையிலேர்ந்து ஆளைத் தூக்கச் சொல்லிக் குடுத்ததா தெரியலை. நாலு தெருவுக்கு ஒரு பயிற்சி பெத்த ஆள், தினம் ஒரு மணிநேரம், நியாயமான சம்பளத்தோட வந்தாலே எத்தனையோ வீட்டுக் கதவு பூட்டப்படாம இருக்கும். அரசு காசு அங்க போகணும்னு சொல்வேன். இல்லைன்னா 'குடும்பம் பாத்துக்கும்'னு ஆகிடும். குடும்பம்னா யாருன்னு நமக்குத் தெரியாதா? வேலையை விட்டுட்டு வந்து நிக்கப்போற ஒரு மருமகளோ மகளோதான். எங்க மாநாட்டுலகூட பூனா அண்ணியோட பேரு ரெண்டு தடவை அடிபட்டுச்சு, அவங்க லைன்லயே இல்லை.

எல்லாராலயும் தனியா இருக்க முடியும்னு சொல்ல வரலை. ஞாபகம் தப்பிப்போய் அடுப்பை அணைக்க மறக்கறவங்க கதை வேற. இல்லத்துக்குப் போய் நாலு பேரோட சந்தோஷமா இருக்கறவங்களையும் பாத்திருக்கேன், அவங்களே விரும்பிப் போனவங்க. பெரியம்மாவும் நாளைக்கே மறுபடி விழலாம். அந்த பயம் எனக்குப் போகலை. ராத்திரி போன் அடிச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது. ஆனா அந்த பயம் என்னுது. அதுக்கு அவங்க வீட்டைப் பூட்டறது என்ன நியாயம்?

இப்போ ஒரு ஏற்பாடு, அவங்களே போட்டது. காலையில ஆறரைக்கு வாசத்தெளிச்சு ஒரு புள்ளிக்கோலமாவது விழும். ஏழு வரைக்கும் கோலம் இல்லைன்னா டைலர் அண்ணன் போன் பண்ணுவார். எடுக்கலைன்னா அவர்கிட்ட சாவி இருக்கு. பதிலுக்கு, அவர் ஷட்டர் எட்டரைக்குத் திறக்கலைன்னா இவங்க கூப்பிடுவாங்க.

போன ஞாயித்துக்கிழமை பெரியண்ணன் லைன்ல வந்தான். கேமரா ஆஃப்லைன்னு காட்டுதாம், நெட் போச்சான்னு கேட்டான். பெரியம்மாகிட்ட கேட்டேன்.

"நெட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அந்த பிளக்குலதான் கொசு மருந்து மாட்டியிருக்கேன்."