கசடைத் தின்னும் பொடி என்னும் கட்டுக்கதை

ஜோகூரில் பொதுக் கழிவுநீர்க் குழாய் எட்டாத தோட்டக் குடியிருப்புகளுக்கும் கம்பத்து வீடுகளுக்கும் பழைய தாமான்களுக்கும் செப்டிக் டேங்க்தான் கதி. அந்த டேங்கைப் பற்றி ஊரெங்கும் ஒரு நம்பிக்கை உலவுகிறது. உள்ளே இருக்கும் கிருமிகள் எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிடுமாம். தீர்க்காவிட்டால் கொஞ்சம் ஈஸ்ட்டையோ கடையில் விற்கும் கிருமிப் பொடியையோ கழிப்பறையில் கொட்டினால், அடைத்துப்போன உறிஞ்சுகுழி கூடத் திறந்துகொள்ளுமாம். கசடு உறிஞ்சும் லாரிக்குக் காசு மிச்சம். இதில் கால்வாசி உண்மை. மீதி முக்கால்வாசி, தோட்டத்து மண்ணைக் கெடுக்கும் பொய்.

கிருமிகள் வேலை செய்வது உண்மைதான். காற்றில்லாத தொட்டியில் அவை மலத்தின் ஒரு பகுதியை வாயுவாகவும் கரைசலாகவும் மாற்றுகின்றன. அந்தக் கிருமிகள் ஒவ்வொரு முறை கழிப்பறையைப் பயன்படுத்தும்போதும் கோடிக்கணக்கில் தொட்டிக்குப் போய்ச் சேர்கின்றன. அவற்றைப் பொட்டலத்தில் விலை கொடுத்து வாங்க வேண்டிய அவசியமே இல்லை. ஈஸ்ட் சர்க்கரை தின்னும் உயிரி. டேங்கில் சிக்கல் தருவதோ கொழுப்பு, நார், மணல், முடி.

கசடு தானே கரைந்துவிடும் என்ற இந்தப் பேராசை புதியதுமல்ல. 1895இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் டொனால்ட் கேமரன் தம் மூடிய தொட்டிக்கு ‘செப்டிக் டேங்க்’ என்று பெயர் வைத்தபோது, கசடு அநேகமாக முழுவதும் கரைந்துவிடும் என்றே பலரும் நம்பினார்கள். 1898இல் அமைந்த பிரிட்டனின் கழிவுநீர் அரச ஆணையம் இதை ஆராய்ந்து, கசடு ஓரளவுதான் குறையும், மீந்ததை வெளியே எடுத்தே ஆக வேண்டும் என்ற முடிவுக்கு 1908இல் வந்தது. நூறாண்டு கழிந்த பின்னும் அதே வாக்குறுதி புதுப் பொட்டலத்தில் விற்கிறது.

கணக்குப் போட்டால் விஷயம் தெளியும். ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 40 லிட்டர் கசடு சேரும் என்பது பொறியாளர்கள் கையாளும் தோராயம். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 லிட்டர். சிறிய வீட்டுத் தொட்டியின் கொள்ளளவே சுமார் 2,000 லிட்டர்தான். பத்தாண்டு எட்டிப் பார்க்காத வீட்டில் தண்ணீர் தங்கித் தெளிய இடமே மிஞ்சாது; குழம்பாக வருவது குழம்பாகவே வெளியேறும்.

வெளியேறி எங்கே போகிறது? பல தாமான்களில் தொட்டியின் போக்குக்குழாய் வீட்டோரக் கால்வாயில் முடிகிறது. அங்கே அடைப்பு என்ற பேச்சே எழாது. கசடு சத்தமில்லாமல் ஆற்றுக்குப் போய்விடும். ‘இருபது வருஷமா தொட்டதே இல்லை, ஒரு கோளாறும் இல்லை’ என்று பெருமை பேசும் வீடுகள் பெரும்பாலும் இந்த வகை. உறிஞ்சுகுழியோ உறிஞ்சு வாய்க்காலோ உள்ள வீட்டில்தான் வினை வீட்டு வாசலிலேயே தெரியும். குழியின் கல்லும் சுற்று மண்ணும் சேரும் இடத்தில் திடப்பொருள் படிகிறது. அதைத் தின்று பெருகும் கிருமிகள் பசை போன்ற ஒன்றைச் சுரக்கின்றன. அது இரும்புச் சல்பைடோடு சேர்ந்து கறுத்த தோலாக மண்ணை மூடிவிடுகிறது. மெல்லிய தோல் நல்லதே, வடிகட்டும். தடித்தால் தண்ணீரே இறங்காது. ஆக, குழியை அடைப்பதே பசியெடுத்த கிருமிகள். அதற்கு இன்னும் கிருமி கொட்டுவது எந்த ஊர் வைத்தியம்?

ஜோகூர் மண்ணும் இதற்குக் கைகொடுப்பதில்லை. பொந்தியான், பத்து பகாட் கரையோரத்தில் கடற்களிமண்ணும் கரிமண்ணும் கிடக்கின்றன. நிலத்தடி நீர் சில அடி ஆழத்திலேயே நிற்கிறது. வடகிழக்குப் பருவமழையில் மண் ஊறிவிட்டால் குழியில் இறங்கிய நீர் போக வழியின்றித் திரும்புகிறது. 2006 டிசம்பரில் கோத்தா திங்கியிலும், 2023 மார்ச்சில் பத்து பகாட், சிகாமட் பகுதிகளிலும் வந்த வெள்ளத்தின்போது கழிவுக் குழியும் தெருநீரும் ஒன்றாகின. மழைநாளில் மட்டும் கழிப்பறை பின்னுக்குத் தள்ளினால் குற்றம் மண்ணுடையது. எந்தப் பொடியும் நீர்மட்டத்தைக் கீழே இறக்காது.

பொடி பயனற்றது என்பதோடு நின்றால் பரவாயில்லை. காஸ்டிக் சோடாவை ஊற்றுவோரும் உண்டு. அதிலுள்ள சோடியம் களிமண் துகள்களைப் பிரித்துத் துளைகளை மூடிவிடும். அடைப்பை நீக்கப் போய் நிரந்தர அடைப்பை வாங்கி வருகிறார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடை அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒருகாலத்தில் நம்பிப் பரிந்துரைத்தார்கள்; பின்னர் நடந்த சோதனைகளில் அது மண்ணின் கட்டமைப்பையே குலைப்பதாகத் தெரிந்தது. நியூயார்க் அருகே லாங் ஐலண்டில், கரைப்பான் கலந்த டேங்க் சுத்திகரிப்புத் திரவங்கள் 1970களில் கிணற்று நீரைக் கெடுத்தன. கிருமிப் பொடிகளை வட கரோலினாவில் 40க்கும் மேற்பட்ட உண்மையான தொட்டிகளில் போட்டுப் பார்த்தார்கள். போட்டதற்கும் போடாததற்கும் கசடு அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

அடைபட்ட உறிஞ்சுகுழியை மீட்க வழி உண்டு; அது சுலபமல்ல, மலிவுமல்ல. முதலில் தொட்டியின் இரண்டு அறைகளிலும் கசடை உறிஞ்சி எடுக்க வேண்டும். வெளிவாயில் உள்ள டி-குழாய் உடைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது உடைந்திருந்தால் மிதக்கும் கொழுப்பு நேரே குழிக்குப் போய்க்கொண்டேயிருக்கும். ஒழுகும் ஃபிளஷ் தொட்டியைச் சரிசெய்து, கூரை மழைநீரை வேறுபக்கம் திருப்ப வேண்டும். உயர் அழுத்த நீர்ப்பாய்ச்சல் குழாய்க்குள் உள்ள கொழுப்பையும் வேரையும் அகற்றும், மண்ணின் கறுந்தோலைத் தொடாது. அந்தத் தோலுக்கு மருந்து ஓய்வுதான். சில மாதம் கழிவுநீர் விடாமல் காயவிட்டால் காற்று புகுந்து, காற்றில் வாழும் கிருமிகள் பசையைச் சிதைக்கும். இரண்டு உறிஞ்சுகுழிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் முறை இதற்காகவே பிறந்தது. இடமில்லாத வீட்டில், அடைத்த கல்லை வாரிக் கொட்டிவிட்டு வேறிடத்தில் புதிதாகத் தோண்ட வேண்டும். களிமண்ணும் உயர்ந்த நீர்மட்டமும் உள்ள இடத்தில் அதுவும் பலிக்காது. பொதுக் குழாய் வரும் நாளில் இணைந்துகொள்வதே முடிவு.

டேங்குக்குள் ஆள் இறங்குவது இதில் எங்கேயும் இடம்பெறக் கூடாது. அங்கே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு சில மூச்சிலேயே ஆளைச் சாய்க்கும்.

கசடை எடுப்பது சட்டப்படியும் கடமை. மலேசியாவின் 2006ஆம் ஆண்டு நீர்ச்சேவைத் தொழில்துறைச் சட்டம் (சட்டம் 655), 2008 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி செப்டிக் டேங்கைப் பராமரித்துக் கசடை எடுக்கும் பொறுப்பு வீட்டு உரிமையாளருடையது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை உரிமம் பெற்ற லாரியை வரவழைக்க வேண்டும். எடுத்த கசடு சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறதா, செம்பனைத் தோட்டத்து ஓடையில் இறங்குகிறதா என்று கேட்டு, ரசீதும் வாங்கிக்கொள்ள வேண்டும்.