எந்த கியர்ல இருந்தீங்க?

கிளட்ச் இல்லாத காரை வாங்கிய ஆண்பிள்ளைக்கு ஆபீஸில் என்ன மரியாதை கிடைக்கும் என்பதை அனுபவித்தவர்களைக் கேளுங்கள். என்னைக் கேட்டாலும் சொல்வேன்.

"என்ன சார், கியர் போடத் தெரியாதா?" இது முதல் வாரம். "பரவாயில்ல, எங்க மாமியாரும் இதுதான் ஓட்டுறாங்க." இது இரண்டாவது வாரம். இரண்டு டேபிள் தள்ளி உட்காரும் நண்பர் சொன்னது. அவரிடம் இருப்பது இருபது வருஷத்து மேனுவல் வண்டி. கியர் மாற்றும்போது ஏதோ ஏரோப்ளேனைக் கிளப்புகிற முகபாவம்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து சிதம்பரத்துக்குத் தினமும் போய் வருகிறவன். போக ஒரு நாற்பத்தைந்து கிலோமீட்டர், வர அதே நாற்பத்தைந்து. இடது முழங்கால் 'என்னை விட்டுவிடு' என்று அழுததால்தான் அந்த வண்டியை வாங்கினேன்.

நம் ஊர்ச் சின்னக் கார்களுக்கு இந்த வசதி பரவலாக வந்தது 2014-ல், மாருதி செலெரியோ மூலமாக. ஏ.எம்.டி. என்பார்கள். உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். அதே கிளட்ச் பிளேட், அதே ஐந்து கியர். நம் இடது காலும் இடது கையும் செய்கிற வேலையை ஒரு கம்ப்யூட்டரும் ஹைட்ராலிக் சமாசாரமும் செய்யும், அவ்வளவே. கண்ணுக்குத் தெரியாத ஒரு கிளீனர் பையன் காலடியில் உட்கார்ந்து கிளட்ச்சை மிதிக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பையன். ஆனால் கொஞ்சம் நிதானம்.

அந்த நிதானம் எவ்வளவு என்பது 2018 மார்கழியில் தெரிந்தது.

சிதம்பரம் தேர் பார்க்க மனைவி, மகளோடு கிளம்பினேன். நால்வழிச் சாலையெல்லாம் வருவதற்கு முன்னால். ஆலப்பாக்கம் தாண்டி எதிரே ஒரு வைக்கோல் டிராக்டர், ரோட்டில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டு போகிறது. எட்டிப் பார்த்தேன். தூரத்தில் ஒரு தனியார் பஸ். 'போயிடலாம்' என்று வலப்பக்கம் இறங்கி ஆக்சிலரேட்டரை அழுத்தினேன்.

வண்டி தலையை ஆட்டியது. யோசித்தது.

ஒரு விநாடிதான் இருக்கும். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஒரு விநாடி என்பது ஏறக்குறைய 17 மீட்டர். எதிரே வருகிற பஸ்ஸும் அதே வேகம் என்றால், நடுவிலிருக்கும் இடைவெளியில் 33 மீட்டர் காலி. இந்தக் கணக்கெல்லாம் பிறகு போட்டது. அப்போது தெரிந்தது பஸ்ஸின் முகப்புக் கண்ணாடியில் கட்டியிருந்த மாலையின் நிறம் மட்டும். மஞ்சள்.

பஸ்காரர் மண்ணில் இறக்கிவிட்டார். டிராக்டர்காரர் பிரேக் போட்டார். நான் ஒன்றுமே செய்யவில்லை.

சிதம்பரம் வரை மனைவி பேசவில்லை. மகள் மட்டும் கேட்டாள்: "அப்பா, நம்ம கார் ஏன் நின்னு யோசிச்சுது?"

அன்று ராத்திரியே முடிவு செய்தேன். பிக்-அப் போதாது. வண்டியை முறுக்கேற்றியாக வேண்டும். நண்பர் உற்சாகமாக லிஸ்ட் போட்டுக் கொடுத்தார்: ஓபன் ஏர் ஃபில்டர், பெரிய சைலன்சர், கம்ப்யூட்டர் ரீமேப், அகல டயர். சீட்டுப் பணம் ஐம்பதாயிரத்தை எடுத்துக்கொண்டு சிதம்பரத்தில் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் போனேன்.

அவர் லிஸ்ட்டைப் படித்தார். டீ சொன்னார். "எதுக்கு தம்பி இதெல்லாம்?"

டிராக்டர் கதையைச் சொன்னேன்.

"அப்ப நீங்க எந்த கியர்ல இருந்தீங்க?"

"தெரியாதுண்ணே. ஆட்டோமேட்டிக்தானே?"

"அதான் கோளாறு" என்றார். பிறகு லிஸ்ட்டை ஒவ்வொன்றாக அடித்தார்.

"ஏர் ஃபில்டர்: சத்தம் கூடும், சக்தி கூடாது. பானெட்டுக்குள்ள இருக்குற சூட்டுக் காத்தை இழுக்கும். சூட்டுக் காத்துல சாரம் கம்மி. ரோட்டுப் புழுதியும் கூட உள்ள போகும்.

"சைலன்சர்: சின்ன இன்ஜினுக்குக் குழாயைப் பெருசாக்கினா கீழ் வேகத்துல இழுவை போயிடும். ஓவர்டேக் பண்ண உங்களுக்கு அதுதான் வேணும்.

"ரீமேப்: டர்போ வச்ச இன்ஜின்னா கம்ப்யூட்டரைத் திருத்திக் காத்தழுத்தத்தை ஏத்தலாம், நல்லா கூடும். உங்களது சொந்த மூச்சுல ஓடுற ஆயிரம் சிசி. அறுபத்தெட்டு குதிரை. நாலஞ்சு குதிரை சேர்ந்தாலே அதிசயம். கியருக்குத் தனி மூளை இருக்கு தம்பி. இன்ஜினை மாத்தினது அதுக்குத் தெரியாது. இன்னும் கூட உதறும், கிளட்ச் தேயும்.

"அகல டயர்: கனம். சுத்தளவு கூடினா, எப்பவும் ஒரு கியர் மேல போட்டு ஓட்டுற மாதிரி இழுக்கத் திணறும். ஸ்பீடாமீட்டரும் கம்மியாக் காட்டும்."

"அப்போ வேகத்துக்கு வழியே இல்லையா?"

"கோயம்புத்தூர் கரிவரதன் கேள்விப்பட்டிருக்கீங்களா?"

கேள்விப்பட்டிருக்கிறேன். ரேஸ்காரர், 1995-ல் விமான விபத்தில் இறந்தார். மாருதி 800-இன் அதே குட்டி இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை ஆள் ரேஸ் காரை உருவாக்கியவர்.

"அதுல இருந்தது உங்க வண்டியை விடச் சின்ன இன்ஜின். எப்படி ஓடிச்சு? வண்டி லேசு. டிக்கியைத் திறங்க."

திறந்தேன். அரை மூட்டை அரிசி, இரண்டு தண்ணீர் கேன், மாமனார் கொடுத்த பன்னிரண்டு தேங்காய், 2016-லிருந்து பயணம் செய்யும் ஒரு பழைய மிக்ஸி.

"முதல் மாடிஃபிகேஷன் இது. இலவசம்" என்றார்.

இரண்டாவது, கியர் லிவரில் 'எம்' என்று ஓர் இடம் இருக்கிறதே, அது. முன்னால் போகும் வண்டியைத் தாண்டுவதற்கு முன், நம் பாதையில் இருக்கும்போதே லிவரை அங்கே தள்ளி மூன்றாவது கியருக்கு இறக்கிவிட வேண்டும். அந்த விநாடி யோசனையை வண்டி பாதுகாப்பான இடத்தில் யோசித்து முடித்துவிடும். பிறகு வலப்பக்கம் வந்தால் அழுத்தின உடனே பாயும். நான் செய்தது தலைகீழ். எதிர்ப் பாதையில் இறங்கிய பிறகு கிளீனர் பையனிடம் கியர் மாற்றச் சொன்னேன்.

மூன்றாவது, கம்பெனி சொன்ன அதே அளவில் நான்கு நல்ல டயர்கள், புது பிரேக் பேட், கிளட்ச்சுக்கு ஒருமுறை கம்ப்யூட்டர் செட்டிங். பாலத்து ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தே வண்டியை நிறுத்தி வைக்காமல் ஹேண்ட்பிரேக் போட்டால் கிளட்ச் இன்னும் நாள் உழைக்குமாம். பில் பதினெட்டாயிரம் சொச்சம். மீதிப் பணத்தை மனைவியிடம் கொடுத்தபோதுதான் அந்த மார்கழியில் முதல்முறையாகச் சிரித்தாள்.

நல்லவேளை, லிஸ்ட் குப்பைக்குப் போனது. அடுத்த மாதமே, 2019 ஜனவரியில், கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அதே ஆண்டு திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அனுமதியில்லாத மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். நண்பரின் லிஸ்ட்டை இதோடு வைத்துக் கணக்குப் போடும் தைரியம் எனக்கு இல்லை.

தேரைச் சொல்லாமல் விட்டேனே. அன்று கீழ வீதியில் கை நடுக்கம் தீராமல் நின்றிருந்தேன். ஐந்து தேர்களும் வந்தன. வடம் பிடித்து இழுக்க ஆயிரம் பேர். ஆனால் சக்கரத்தடியில் முட்டுக்கட்டையோடு ஓடுகிற சில பேரைப் பார்த்தீர்களா? தேரை நிறுத்துவதும் திருப்புவதும் அவர்கள்தான். வீதி முனை வருவதற்கு முன்பே கட்டையைத் தயாராகப் பிடித்திருக்கிறார்கள். வந்த பிறகு யோசிப்பதில்லை. அப்போது எனக்கு உறைக்கவில்லை. மெக்கானிக் கேட்ட பிறகுதான் உறைத்தது.

இப்போதும் அதே வண்டிதான். தனியார் பஸ்கள் மியூசிக் ஹாரனோடு என்னைத் தாண்டிப் போகின்றன. போகட்டும். நண்பர் இன்னும் மாமியாரை விசாரிக்கிறார். விசாரிக்கட்டும்.

ஒரே ஒரு தொந்தரவு. முன்னால் லாரி வந்தாலே பின்சீட்டிலிருந்து மகள் கேட்கிறாள்: "அப்பா, எந்த கியர்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து சீட்டிலிருந்து பதில் வந்துவிடுகிறது:

"மூணு. அப்பாவைத் தொந்தரவு பண்ணாதே."