புட்டி கடக்கும் ஆற்றைப் புத்தகம் கடக்காதா?



தரங்கம்பாடியிலிருந்து காரைக்காலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் நண்டலாறு குறுக்கிடுகிறது. வடகரை தமிழ்நாடு, தென்கரையில் பூவம், காரைக்கால் மண்ணின் வடக்கு வாயில். அவ்வழியே போனவர்கள் சோதனைச் சாவடியைக் கண்டிருப்பீர்கள். வண்டிகள் நிறுத்தப்படுகின்றன, பைகள் துழாவப்படுகின்றன, இருக்கைக்கு அடியிலும் கை நுழைகிறது. எதைத் தேடுகிறார்கள்? மதுப்புட்டியை! தென்கரையில் விலை மலிவு, வடகரையில் விலை ஏற்றம். ஆகவே புட்டி ஆற்றைக் கடக்கிறது. அதை விற்க ஆள் உண்டு; கடத்த ஆள் உண்டு; பிடிக்கவும் ஆள் உண்டு.

அதே ஆற்றின் இரு கரையிலும் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு நடக்கிறார்கள். அவர்களுக்கென்று எழுதப்பட்ட புத்தகம் இந்த ஆற்றைக் கடக்கிறதா என்று கேட்கத்தான் ஆளில்லை. இன்று நான் கேட்கிறேன். உங்களையும் கேட்கச் சொல்கிறேன்.

வடகரையில் நடந்தது என்ன? 2022இல் தமிழ்நாடு அரசு தன் பள்ளிப் பிள்ளைகளுக்காக ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்ற இதழ்களைத் தொடங்கிற்று. 2023இல் ‘நுழை’, ‘நட’, ‘ஓடு’, ‘பற’ என்று நான்கு படிகளாகச் சிறுநூல்களை வகுத்து, வாசிப்பு இயக்கம் கண்டது. அவை தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கானவை. பூவத்துப் பள்ளியோ புதுவை நிருவாகத்தின் கீழ் இருப்பது; அந்தக் கட்டு அங்கே வந்து இறங்க வழியில்லை. பாடநூலாவது பொதுவாக இருந்தது. தனிக் கல்வி வாரியம் இல்லாத புதுவையும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையே பின்பற்றி வந்தன. 2023–24ஆம் கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகளிலும் மத்திய வாரியத்தின் பாடத்திட்டம் புகுத்தப்பட்டது. இரு கரைகளையும் கட்டிவைத்திருந்த அந்த நூலும் அறுந்தது. மாமன் மகன் வடகரையில் ஒன்றைப் படிக்கிறான்; அத்தை மகள் தென்கரையில் வேறொன்றைப் படிக்கிறாள். ஒரே தமிழ், ஒரே உறவு. நடுவில் ஓர் ஆறு!

காரைக்கால் காவிரியின் கடைமடை. கடைமடைக்காரனின் வேதனை நமக்குப் புதிதல்ல. மேல்மடையில் வாய்க்கால் நிரம்பி வழியும். கீழே வயல் வெடித்துக் கிடக்கும். நாம் வாளாவிருந்தோமா? 2007இல் நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பிலும், 2018இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பிலும் புதுவையின் பங்கு 7 டி.எம்.சி. என்று எழுதி வாங்கினோம். கடைமடை வயலுக்கு வழக்காடத் தெரிந்த நமக்கு, கடைமடைப் பிள்ளைக்காக வாய் திறக்கத் தெரியாதா?

ஆகவே சொல்கிறேன்: பூவத்தில் சிறுவர் இலக்கியத் திருவிழா நடக்க வேண்டும். கதை எழுதுகிறவர்களும், பாட்டு எழுதுகிறவர்களும், படம் வரைகிறவர்களும் அங்கே வந்து, இரு கரைப் பிள்ளைகளோடும் தரையில் அமர வேண்டும். அதை ஊர் நடத்த வேண்டும். ஊருக்கு முன்னால் நாம் நிற்க வேண்டும்.

“மீனவன் கடலில் சிறைபிடிக்கப்படுகிறான், படித்த இளைஞன் வேலையின்றி அலைகிறான், இந்த நேரத்தில் குழந்தைக் கதையா?” என்று நம்மவர்களிலேயே சிலர் முறுவலிப்பார்கள். அவர்களுக்கு ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டுகிறேன். 1943 மார்ச் 26. ஸ்டாலின்கிராடுப் போர் முடிந்து இரண்டு திங்கள்கூட ஆகவில்லை. சோவியத்து மண்ணில் இட்லரின் படை இன்னும் நிற்கிறது. அந்த நாளில் மாஸ்கோவின் தூண் மண்டபத்தில் குழந்தைகளைக் கூட்டிப் புத்தக விழா நடத்தினார்கள். லெவ் கசீல் முன்னின்றார். மார்ஷக் போன்ற எழுத்தாளர்கள் வந்து பிள்ளைகளைச் சந்தித்தனர். உயிருக்குப் போராடிய நாடு அதை வீண்வேலை என்று தள்ளவில்லை. யாருக்காகப் போராடுகிறோமோ அவர்களை மறந்துவிட்டுப் போராட முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அவ்வளவு தொலைவுகூடப் போக வேண்டாம். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் கண்டாரே அழ. வள்ளியப்பா, அவர் ஜமீன்தாரா? அமைச்சரா? வங்கியில் வேலை பார்த்தவர். பகலெல்லாம் பேரேட்டோடு போராடியவர், குழந்தைகளுக்காக எழுதுவோரை ஒன்று திரட்டி மாநாடு கூட்டினார். புத்தகக் கண்காட்சி நடத்தினார். அவருக்கு இருந்ததைவிட நமக்குக் கொடி அதிகம், கிளை அதிகம், ஆள்பலம் அதிகம். ஊக்கம் மட்டும் குறைவா?

நேரில் சந்திப்பதால் ஆவதென்ன என்று கேட்பீர்கள். வேதாளத்தைத் தோளில் சுமந்து, வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தன் படத்தை ‘அம்புலிமாமா’வில் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அதை வரைந்த கை ஓவியர் சங்கருடையது. கொங்கு நாட்டுச் சிற்றூரில் 1924இல் பிறந்த தமிழர், 2020இல் மறைந்தார். படத்தைப் பார்த்தவர் கோடி. அந்தக் கையைப் பார்த்தவர் எத்தனை பேர்? புத்தகம் எங்கோ வானத்திலிருந்து விழுகிறது என்று நம்பும் பிள்ளை அதை வணங்கும், மனப்பாடம் செய்யும், தேர்வு முடிந்ததும் மறக்கும். நம்மைப்போல் வேட்டி கட்டி, நம்மைப்போல் பேசி, நம்மைப்போல் தேநீர் குடிக்கும் ஒரு மனிதர்தாம் இதை எழுதினார் என்று கண்ணால் கண்ட பிள்ளையோ, “அப்படியானால் நானும் எழுதலாமே!” என்று எண்ணும். அந்த எண்ணம் பிறக்கும் இடத்தில் அடிமைப் புத்தி சாகிறது. இதைவிடப் பெரிய அரசியல் எது?

ஓவியர் கரும்பலகையில் ஒரு படகு வரையட்டும். கடற்கரைக் குப்பத்துச் சிறுவன் எழுந்து, “படகின் முனை அப்படி இராது ஐயா, இப்படித்தான் இருக்கும்” என்று திருத்தட்டும். ஓவியர் சுண்ணக்கட்டியை அவன் கையில் கொடுக்கட்டும். மதிப்பெண் பட்டியலில் கடைசியில் நிற்கும் பிள்ளை அன்று ஆசிரியனாக நிற்பான்!

எழுத்தாளருக்குப் பஞ்சம் என்று சொல்லாதீர்கள். சாகித்திய அக்காதெமி 2010 முதல் சிறுவர் இலக்கியத்துக்கெனத் தனிப்பரிசு வழங்கி வருகிறது. இரா. நடராசன், யெஸ். பாலபாரதி, உதயசங்கர், விஷ்ணுபுரம் சரவணன் என்று பரிசு பெற்ற தமிழர் வரிசை நீள்கிறது. ஓவியருக்குக் கும்பகோணத்தில் கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. புதுவையில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. இல்லாதது அழைப்புத்தான்!

இந்த மண்ணுக்கா எழுத்து அந்நியம்? பாரதி 1908 முதல் பத்தாண்டு வாழ்ந்ததும், பாப்பாவுக்குப் பாட்டெழுதியதும் புதுவையில். பாரதிதாசன் 1909இல் ஆசிரியப் பணியில் சேர்ந்தது இதே காரைக்கால் பகுதியின் நிரவியில். நண்டலாற்றுக்கு வடக்கே சில கல் தொலைவில், தரங்கம்பாடியில், 1713இல் தமிழ் அச்சு ஓடியது. பொறையாற்றில் காகித ஆலையும் எழுந்தது. ஆண்டுதோறும் ஆனியில் காரைக்கால் வீதிகளில் மாங்கனிகளை வாரி இறைக்கிறோம். யாருக்காக? அந்தாதி பாடிய ஒரு பெண்ணுக்காக! மறைந்த புலவருக்குக் கனி வீசும் ஊர், வாழும் புலவரைப் பிள்ளைகளுக்குக் காட்டக் கூடாதா?

ஆனால் ஓர் எச்சரிக்கை. நமக்குப் பழகிப்போன முறையில் இதை நடத்திக் கெடுத்துவிடாதீர்கள். பொன்னாடையும் வரவேற்புரையும் முன்னிலையும் நன்றியுரையுமாகப் பகல் ஓடிப்போய், வெயிலில் வரிசையாக அமர்த்தப்பட்ட பிள்ளைகள் கைதட்டும் கருவிகளாவது விழா அல்ல, அது தண்டனை. ஒரு திங்களுக்கு முன்பே வருகிறவரின் நூல்களை வாங்கிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். மாலையில் படிப்பகத்தில் கூடி உரக்கப் படிக்கச் செய்யுங்கள். படிக்காமல் எழுத்தாளரைப் பார்ப்பது தேரை வேடிக்கை பார்ப்பது போன்றது. படித்துவிட்டுப் பார்ப்பது உறவினரைக் காண்பது போன்றது. அன்று கேள்வி கேட்பவர்கள் பிள்ளைகள். மேடைக்காரர்கள் கீழே அமர்ந்து கேட்கட்டும்.

“அரசு செய்யட்டுமே” என்பார்கள். அரசு செய்ய வேண்டியதை விட்டுவிடப் போவதில்லை. பள்ளிதோறும் தமிழ்ச் சிறுவர் நூல்கள் வேண்டும். அதற்கு ஆளும் ஆசிரியரும் நேரமும் வேண்டும். இதைப் புதுவை அரசிடம் கேட்போம், கொடுக்கும்வரை கேட்போம். ஆனால், தேநீர்க் கடையில் ஒருவர் நாளேட்டை உரக்கப் படிக்க, எழுத்தறியாத பத்துப் பேர் சூழ்ந்து கேட்டார்களே, அது எந்த அரசாணையால் நடந்தது? கீற்றுக் கொட்டகையில் படிப்பகம் கண்டோமே, அதற்கு எவர் மானியம் தந்தார்? பெரியவர்களை வாசகர்களாக்கிய இயக்கம், பிள்ளைகளின் முறை வரும்போது கைகட்டி நிற்பதா?

அடுத்த கிளைக் கூட்டத்தின் பொருள்நிரலில் முதல் வரியாக இதை எழுதுங்கள். சம்பா அறுவடை முடிந்து களம் காயும் நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறியுங்கள். வடகரைக் கிளையும் தென்கரைக் கிளையும் ஒரே உண்டியலை ஏந்தட்டும். அன்று நண்டலாற்றுப் பாலத்தில் பிள்ளைகள் கூட்டமாய்க் கடக்கட்டும். சாவடிக் காவலர் பையைத் திறந்து பார்க்கட்டும். உள்ளே இருப்பது புத்தகமாக இருக்கட்டும்!